சுண்ணாம்புக் குழியும் சைக்கிள் சக்கரமும்

அரியலூர் என்றதும் மூன்று விஷயங்கள் ஞாபகத்துக்கு வரும். வயதானவர்களுக்கு 1956 நவம்பரில் மருதையாற்றுப் பாலத்தில் நடந்த ரயில் விபத்தும், அதற்குப் பொறுப்பேற்று ராஜினாமா செய்த லால் பகதூர் சாஸ்திரியும். வீடு கட்டுகிறவர்களுக்கு சிமெண்ட். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு டைனோசர். பக்கத்து பெரம்பலூருக்கு அந்த அளவு பெயர்கூட இல்லை. திருச்சி - சென்னை ரோட்டில் வருகிற ஊர், சின்ன வெங்காயம் விளைகிற ஊர், அவ்வளவுதான். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே ஜனத்தொகை குறைந்த மாவட்டம் அதுதான். 5,65,223 பேர்.

இந்த இரண்டு மாவட்டத்துக்கும் மலை சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், இப்போதைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. சுண்ணாம்புக் கல் தீர்ந்துபோன பிறகு அரியலூர் என்ன செய்யும்? மழை ஏமாற்றிய வருஷத்தில் பெரம்பலூர் பையன் திருப்பூருக்கோ சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போகாமல் ஊரிலேயே சம்பாதிக்க வழி உண்டா? இதே கேள்வியில் மாட்டிக்கொண்ட சில சுரங்க ஊர்கள் உலகத்தின் வேறு மூலைகளில் இருக்கின்றன. அவற்றில் சில சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கரையேறப் பார்த்தன. சில ஏறின, சில பாதியில் நிற்கின்றன. அந்தக் கதைகளைப் பார்த்துவிட்டு நம்மூர் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

கிரீஸ் உருகிய கதை

முதலில் மலை சைக்கிள் என்றால் என்ன? தடித்த டயர், அகலமான ஹேண்ட்பார், நிறைய கியர், நல்ல பிரேக். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் 1970-களில் சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களை மலைமேல் ஏற்றி, மண் பாதையில் கீழே விட்டு விளையாடினார்கள். 1976-ல் அதை ஒரு பந்தயமாகவே நடத்தினார்கள். பந்தயத்தின் பெயர் 'ரீபேக்'. பெயர்க் காரணம் சுவாரசியமானது. அந்தப் பழைய சைக்கிள்களுக்கு பின் சக்கர ஹப்பில்தான் பிரேக். மலை இறங்கி முடிப்பதற்குள் ஹப் சூடேறி உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வொரு முறையும் பிரித்து, புது கிரீஸ் அடைத்து, மாட்ட வேண்டும். அதுதான் 'ரீபேக்'. நம்மூர் சைக்கிள் கடையில் 'ஓவராலிங்' என்று எழுதிப் போட்டிருப்பார்களே, ஏறக்குறைய அதே வேலை!

ஜோ பிரீஸ் என்பவர் 1977-ல் இதற்கென்றே ஃபிரேம் செய்தார். 1979-ல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் கம்பெனி தொடங்கினார்கள். 1981-ல் 'ஸ்டம்ப்ஜம்பர்' என்ற மாடல் பெரிய அளவில் கடைக்கு வந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை சைக்கிள் ஒரு போட்டி. இருபதே வருஷத்தில் விளையாட்டுப் பொருள் ஒன்று பெரிய தொழிலாகிவிட்டது.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இதைக் கண்டுபிடித்தது எந்த ஆராய்ச்சிக்கூடமும் இல்லை. மலை பக்கத்தில் இருந்தது, பழைய சைக்கிள் கையில் இருந்தது, கழற்றி மாட்டத் தெரிந்திருந்தது. இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தபோது புதுப் பொருள் பிறந்தது. 'புத்தாக்க மையம்' என்று இன்று பெரிய வார்த்தையில் சொல்வதன் உள்ளே இருப்பதும் இந்த மூன்றுதான்.

சுரங்கம் மூடிய ஊர்கள்

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் டெர்பி என்று ஒரு சின்ன ஊர். வெள்ளீயம் தோண்டிப் பிழைத்த ஊர். 1929-ல் சுரங்கத்தின் அணை உடைந்து 14 பேர் செத்தார்கள். அதன் பிறகு ஊர் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. சுரங்கமும் மூடிப்போனது, ஜனங்களும் வெளியேறினார்கள். கடைசியில் மிஞ்சியது இருநூறு பேர்கூட இல்லை.

2015-ல் அங்கே 'புளூ டெர்பி' என்ற பெயரில் மலை சைக்கிள் பாதைகள் திறந்தார்கள். இரண்டு உள்ளூராட்சிகள் சேர்ந்து செய்த வேலை, ஆரம்பச் செலவு சுமார் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர், பெரும்பகுதி மத்திய அரசுப் பணம். இரண்டே வருஷத்தில், 2017-ல், உலக எண்டியூரோ தொடரின் ஒரு சுற்று அங்கே நடந்தது. 2019-ல் மறுபடியும். பூட்டிக்கிடந்த வீடுகள் தங்கும் விடுதிகளாயின. காபிக் கடை, வாடகை சைக்கிள் கடை, மலை உச்சிக்கு சைக்கிளை ஏற்றிப்போகும் வேன் என்று வேலைகள் வந்தன.

இது ஜெயித்த கதை. ஆனால் முழுக்க இனிப்பு இல்லை. வீட்டு விலை ஏறியது. வாடகைக்கு வீடு தேடும் உள்ளூர்க்காரர் சுற்றுலாக்காரரோடு போட்டி போட வேண்டி வந்தது. பாதை போகும் காட்டில் மரம் வெட்டுவது பற்றித் தகராறும் நடந்தது. பணம் வரும்போது சண்டையும் கூடவே வரும் போலிருக்கிறது.

அரியலூருக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் இருக்கிறது. பிளைனாய் ஃபெஸ்டினியோக் என்று ஒரு ஊர் (வாயில் நுழைய கொஞ்சம் சிரமம்தான்!). கூரைக்குப் போடும் ஸ்லேட் கல் வெட்டிய ஊர். ஊரைச் சுற்றி மலை மலையாக உடைந்த கல் குவியல். அந்த ஊர் மக்களே 2007-ல் 'அந்துர் ஸ்டினியோக்' என்ற சமூக நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2012-ல் கல் குவாரியின் சரிவிலேயே சைக்கிள் இறங்கும் பாதைகளைத் திறந்தார்கள். லாபம் வந்தால் பங்குதாரர் பைக்குப் போகாது, ஊர் வேலைக்கே திரும்ப வரும். 2021-ல் வடமேற்கு வேல்ஸின் ஸ்லேட் நிலப்பரப்பு யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமும் ஆனது. பாரம்பரியமும் சைக்கிளும் ஒரே மலையில் குடித்தனம் நடத்த முடியும் என்பதற்கு அது சாட்சி.

அதே வேல்ஸில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. கோயிட் அ பிரெனின் என்ற காடுதான் பிரிட்டனில் மலை சைக்கிளுக்கென்றே பாதை போட்ட முதல் மையம் என்று பெயர் பெற்றது. 1990-களில் தொடங்கியது. 2025 மார்ச் 31-ஓடு அங்கிருந்த உணவகத்தையும் கடையையும் நடத்திய அரசு அமைப்பு பணமில்லை என்று மூடிவிட்டது. பாதை இருக்கிறது, டீ இல்லை! முப்பது வருஷப் பெயர் பெற்ற இடத்துக்கே இந்த நிலை.

ஸ்காட்லாந்திலும் ஒரு கதை ஓடுகிறது. இன்னர்லீதன் என்ற ஊரில் 1788-ல் எழும்பிய கம்பளி மில் ஒன்று 2013-ல் மூடப்பட்டது. பக்கத்திலேயே கிளென்ட்ரெஸ் காட்டில் பிரபலமான சைக்கிள் பாதைகள். 2023 உலக சைக்கிள் சாம்பியன்ஷிப்பின் கிராஸ்கன்ட்ரி போட்டிகள் அங்கேதான் நடந்தன. அந்த ஊரில் மலை சைக்கிள் புத்தாக்க மையம் அமைக்க 2021 மார்ச்சில் கையெழுத்தான எல்லைப்புற வளர்ச்சி ஒப்பந்தத்தில் 1 கோடியே 90 லட்சம் பவுண்டு வரை ஒதுக்கினார்கள். பொருள் வடிவமைப்பவர், சோதிப்பவர், பல்கலைக்கழகம், சின்னக் கம்பெனிகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்பது யோசனை. அறிவிப்பு வந்த கையோடு கட்டடம் எழும்பிவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டு உதாரணம்

இதெல்லாம் வெள்ளைக்கார ஊர், நமக்கு ஒத்து வருமா என்று கேட்பவர்கள் கேரளாவைப் பார்க்கலாம். வயநாட்டில் மானந்தவாடி அருகே பிரியதர்ஷினி தேயிலைத் தோட்டம் இருக்கிறது. கொத்தடிமையாக இருந்து மீட்கப்பட்ட ஆதிவாசிக் குடும்பங்களின் மறுவாழ்வுக்காக ஏற்படுத்தப்பட்ட தோட்டம். கேரள சுற்றுலாத் துறை 'எம்.டி.பி. கேரளா' என்ற சர்வதேச மலை சைக்கிள் பந்தயத்தை அங்கே நடத்தியிருக்கிறது. 2023 அக்டோபரில் திருவனந்தபுரம் பக்கத்துப் பொன்முடியில் ஆசிய மலை சைக்கிள் சாம்பியன்ஷிப்பே நடந்தது. தேயிலைத் தோட்டத்தின் மேட்டிலும் பள்ளத்திலும் ஆசிய வீரர்கள் ஓட்டினார்கள்.

ஆக, தென்னிந்தியாவில் நடக்காத விஷயம் இல்லை. ஆனால் பந்தயம் மூன்று நாள், நான்கு நாள் சமாச்சாரம். பந்தல் பிரித்த பிறகு மீதி 360 நாளுக்கு ஊருக்கு என்ன மிச்சம் என்பதுதான் பொருளாதாரக் கேள்வி.

மண்ணும் மலையும்

பெரம்பலூருக்கு மேற்கே பச்சைமலை. ஐந்நூறு மீட்டரிலிருந்து ஆயிரம் மீட்டர் உயரம். திருச்சி, சேலம் மாவட்டங்களோடு பங்கு போட்டுக்கொண்ட மலை. மலைமேல் பழங்குடி மலையாளி மக்கள் வாழ்கிறார்கள். அடிவாரத்தில் லாடபுரம் மயிலூற்று, விசுவக்குடி அணை. நெடுஞ்சாலை ஓரத்தில் ரஞ்சன்குடி கோட்டை. அரியலூர்ப் பக்கம் வந்தால் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் சுற்றுவட்டாரத்தில் செம்மண் நிலத்தில் முந்திரிக் காடு. கரைவெட்டி ஏரி 2024-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பறவைகள் சரணாலயம். கங்கைகொண்ட சோழபுரம் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மண் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. பெரம்பலூரில் பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற கரிசல் மண், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் டயரில் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றவே விடாது. மழைக்காலத்தில் கரிசல் காட்டில் சைக்கிள் தள்ளியவர்களுக்கு இது தெரியும். பாதை போட ஏற்றது அரியலூர்ப் பக்கத்துச் செம்மண்ணும், மலையடிவாரத்துச் சரளை மண்ணும்தான்.

பருவமும் சிக்கல்தான். சித்திரை வெயிலில் இங்கே சைக்கிள் மிதிக்க வருபவர் புத்தி பேதலித்தவராகத்தான் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மிஞ்சுவது டிசம்பர் பாதியிலிருந்து மார்ச் வரை. நல்ல சீசன் என்று நாலு மாதம்.

காரையை விட்டுவிடுங்கள்

இணையத்தில் பெரம்பலூர் என்று தேடினால் காரை - குளக்காநத்தம் பக்கத்துச் செம்மண் பள்ளத்தாக்குகள் படமாக வரும். மழை அரித்த மேடும் ஓடையுமாக, சைக்கிள் ஓட்ட ஆசை காட்டும் இடம். அங்கேதான் கையை வைக்கக் கூடாது.

அந்த மேடுகள் சாதாரண மண் இல்லை. சுமார் பத்து கோடி வருஷத்துக்கு முன் கடலடியில் படிந்த களிமண். நத்தைபோல் சுருண்ட அம்மோனைட், துப்பாக்கித் தோட்டா வடிவ பெலம்னைட் என்று புதைபடிவங்கள் அதில் கிடைக்கின்றன. 1860-களிலேயே பிளான்ஃபோர்டு போன்ற புவியியலாளர்கள் இந்தப் பகுதியை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரத்தை எம்.எஸ். கிருஷ்ணன் 1940-ல் கண்டுபிடித்தார். அரியலூர் அருகே கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து 1987-ல் 'புருகத்காயோசாரஸ்' என்ற ராட்சத டைனோசருக்குப் பெயர் வைத்தார்கள். 2020-ல் குன்னம் அருகே குளத்தில் மண் எடுத்தபோது உருண்டைக் கற்கள் கிடைத்து, 'டைனோசர் முட்டை' என்று ஊரே திரண்டது. புவியியலாளர்கள் வந்து பார்த்து, அவை அம்மோனைட் சார்ந்த படிவங்கள் என்று சொன்னார்கள். முட்டை பொய்யாகப் போனாலும், ஒரு விஷயம் மெய். இந்த மண்ணுக்கு ஆள் கூட்டும் சக்தி இருக்கிறது.

அந்தக் களிமண் சரிவில் ஆயிரம் சக்கரம் ஏறி இறங்கினால் இரண்டு மழையில் புதுப் பள்ளம் விழுந்துவிடும். அழிந்தால் திரும்ப வராது, கடலை மறுபடி இங்கே கொண்டுவர முடியாது. காரைக்கு நடந்து போகலாம், சைக்கிளை வெளியில் நிறுத்திவிட்டு. சாத்தனூருக்கும் வாரணவாசி அருங்காட்சியகத்துக்கும் கிராமச் சாலை வழியே சைக்கிளில் போகலாம். மேட்டில் ஏறுவதற்கு வேறு இடம் பார்க்க வேண்டும்.

வேறு இடம் எது? கல் எடுத்து முடித்த சுண்ணாம்புச் சுரங்கத்தைச் சுற்றி மலைபோல் கொட்டி வைத்திருக்கும் கழிவு மண் மேடுகள். ஏற்கெனவே புரட்டிப் போட்ட மண்தான், அதில் அழிக்க ஒன்றும் மிச்சமில்லை. சுரங்கச் சட்டப்படி ஒவ்வொரு சுரங்கத்துக்கும் மூடும் திட்டம் இருந்தாக வேண்டும். வழக்கமாக அதில் எழுதுவது வேலி, மரம் நடுதல், தண்ணீர் தேக்குதல். மேடுகளைச் சரிவு பார்த்துச் சமன்படுத்தி, பாதை போடுவதையும் அதில் எழுதலாம். செங்குத்தான குழியும் ஆழத் தண்ணீரும் ஆபத்து என்பதால் அந்தப் பக்கம் வேலி கட்டாயம். பிளைனாய் ஃபெஸ்டினியோக் செய்தது கிட்டத்தட்ட இதைத்தான்.

காமர்ஸ் கணக்கு

சரி, காசு விஷயத்துக்கு வருவோம். வாடகை மலை சைக்கிள் மையம் ஒன்றை மனதில் வைத்து ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான்.

20 சைக்கிள், ஒன்று 30,000 ரூபாய். மொத்தம் 6 லட்சம். நாலு வருஷம் உழைக்கும் என்றால் வருஷத் தேய்மானம் 1,50,000. மூன்று பேருக்கு மாதம் 15,000 சம்பளம் என்றால் வருஷத்துக்கு 5,40,000. இட வாடகை, இன்சூரன்ஸ், கரண்ட் 1,10,000. ஆக நிலையான செலவு 8 லட்சம். அரை நாள் வாடகை 400 ரூபாய். பிரேக் கட்டை, ட்யூப், கழுவுவது என்று ஒரு சவாரிக்கு 80 ரூபாய் போய்விடும். மிச்சம் 320. எட்டு லட்சத்தை 320-ஆல் வகுத்தால் 2,500. வருஷத்துக்கு 2,500 சவாரி போனால்தான் கையைக் கடிக்காது.

முடியுமா? சீசன் நாலு மாதம். வெளியூர்க்காரர் வருவது சனி, ஞாயிறு. நாலு மாதத்தில் 35 நாள். காலை 20, மாலை 20 என்று ஒரு சைக்கிள்கூட சும்மா நிற்காமல் ஓடினாலும் 1,400 சவாரிதான். 4,48,000 ரூபாய் வரும். 3,52,000 துண்டு விழும். கூட்டம் நிரம்பி வழிந்தாலும் நஷ்டம்!

அப்படியானால் கடையை மூட வேண்டியதுதானா? இல்லை. சுற்றுலாவை மட்டும் நம்பி மையம் நடத்த முடியாது என்பதுதான் இந்தக் கணக்கு சொல்வது. மீதி எட்டு மாதமும், வாரத்தில் ஐந்து நாளும் சைக்கிள் ஓட்டுகிற ஒருவர் வாடிக்கையாளராக வேண்டும். அவர் யார்? உள்ளூர்க்காரர்தான்.

புதுக்கோட்டை சொன்ன பாடம்

இந்த இடத்தில் பெரம்பலூரிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போக வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு சைக்கிளும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார்கள். விவசாயக் கூலிகள், குவாரியில் கல் உடைப்பவர்கள், கிராமச் செவிலியர், ஆசிரியைகள் என்று ஒரு லட்சம் பெண்கள் அளவில் சைக்கிள் பழகினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதிய கட்டுரை உலகம் முழுக்கப் படிக்கப்பட்டது.

அதில் ஒரு சின்ன விஷயம் ரொம்ப முக்கியம். லேடீஸ் சைக்கிள் போதாமல் போனபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டார்கள். அது மட்டுமில்லை, சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள். முன் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! சென்னையில் டி.ஐ. கம்பெனி 1951-லிருந்து ஹெர்குலிஸ் சைக்கிள் செய்து வந்தது. சைக்கிளுக்கு இப்படியும் ஒரு உபயோகம் உண்டு என்று காட்டியவர்கள் அதை மிதித்த பெண்கள்.

அங்கே இன்னொரு முயற்சியும் நடந்தது. கல் குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்குக் கொடுத்தார்கள். கூலியாக இருந்தவர்கள் நடத்துபவர்களானார்கள். ஆனால் அது நீடிக்கவில்லை. குவாரி கையை விட்டுப் போனது. சைக்கிள் மட்டும் தங்கியது. காரணம் யோசித்தால் புரியும். குவாரி குத்தகை, அதிகாரி மாறினால் மாறிவிடும். சைக்கிள் ஓட்டக் கற்றதை எந்த உத்தரவாலும் திரும்ப வாங்க முடியாது.

தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்பு பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் கொடுக்கிறது. 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு எல்லோருக்கும் விரிந்த திட்டம். அப்படிக் கிடைத்த சைக்கிள்கள் இரண்டு மாவட்டத்திலும் எத்தனையோ வீட்டில் நிற்கின்றன. நட்டு முறுக்க, கோட்டம் எடுக்க, ஸ்போக்ஸ் கம்பி மாற்ற, பஞ்சர் ஒட்ட ஆள் வேண்டும். ஆனால் தெரு முனை சைக்கிள் கடைகள் ஒவ்வொன்றாக பைக் மெக்கானிக் கடையாக மாறிவிட்டன. மணிக்கு இவ்வளவு என்று வாடகை சைக்கிள் எடுத்துக் குரங்குப் பெடல் போட்ட காலம் போய்விட்டது.

மையம் என்றால் இதுதான்

ஆகவே பெரம்பலூர் - அரியலூருக்கு ஏற்ற 'புத்தாக்க மையம்' கண்ணாடிக் கட்டடமாக இருக்க வேண்டியதில்லை. முதலில் நல்ல பட்டறை ஒன்று போதும். அதில் நாலு வேலை நடக்கலாம்.

ஒன்று, உள்ளூர் சைக்கிள் ரிப்பேர். பள்ளிப் பிள்ளைகள், பால்காரர், வயலுக்குப் போகிறவர்தான் அன்றாட வருமானம். ஹைட்ராலிக் பிரேக்கும் சஸ்பென்ஷனும் பிரித்து மாட்டத் தெரிந்த ஆள் தாலுகாவுக்கு ஒருவர் உருவானாலே அது ஒரு தொழில். திருச்சியிலும் சென்னையிலும் விலை உயர்ந்த சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு அந்த ஆள் தேவை.

இரண்டு, பாதை வெட்டும் வேலை. மலை சைக்கிள் பாதை போடுவது கிட்டத்தட்ட நீர் மேலாண்மை. பாதையின் ஏற்றம் சராசரியாகப் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது, மலைச் சரிவின் பாதிக்கு மேலும் போகக் கூடாது, வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்து மழைத் தண்ணீர் வழிந்தோட வேண்டும் என்பது உலகம் முழுக்கச் சொல்லும் விதி. நூறு நாள் வேலையில் வருஷக்கணக்காக வாய்க்கால் வெட்டி, வரப்பு கட்டிய பெண்களுக்கு தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

மூன்று, பொருள் செய்வது. சாணை பிடிக்கிறவர் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்திப் பெடல் மிதித்தே கல்லைச் சுற்ற வைக்கிறார். இளநீர்க்காரர் ஐம்பது காயைத் தொங்கவிட்டு பேலன்ஸ் பண்ணுகிறார். இவர்களிடம் இருக்கும் யோசனைக்கு வெல்டிங் மெஷினும் பாலிடெக்னிக் மாணவனும் துணைக்கு வந்தால் வெங்காய மூட்டை ஏற்றும் தடித்த டயர் சைக்கிள் வரலாம், மலைக் கிராமத்துக்கு மருந்து கொண்டுபோகும் சைக்கிள் வரலாம். மக்காச்சோளக் காட்டு வரப்பில் ஓடுகிற சைக்கிளை லூதியானாக்காரர் யோசிக்க மாட்டார், அவருக்கு அந்த வரப்பு தெரியாது. நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை இருக்கிறது. எறையூரில் 2023-ல் காலணி ஆலை திறந்தது. ரப்பரும் மோல்டும் தெரிந்த தொழிலாளர்கள் இந்த மாவட்டத்திலேயே உருவாகிக்கொண்டிருக்கிறார்கள்.

நான்கு, கடைசியாகத்தான் சுற்றுலா. சீசன் நாலு மாதம் வரும் பணம் மேல்வரும்படி. ரயிலில் அரியலூரில் இறங்கி (பெரம்பலூருக்கு ரயிலே இல்லை!) சைக்கிளில் கங்கைகொண்ட சோழபுரம், கரைவெட்டி, சாத்தனூர் பார்த்துவிட்டு, கிராமத்து வீட்டில் கம்பங்கூழோ நாட்டுக்கோழிக் குழம்போ சாப்பிட்டுப் போகட்டும்.

முதலீடு எங்கே? சுரங்கக் குத்தகைதாரர்கள் மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குப் பணம் கட்ட வேண்டும் என்பது 2015-லிருந்து சட்டம். பழைய குத்தகை என்றால் ராயல்டியில் 30 சதவீதம், புதியது என்றால் 10 சதவீதம். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கென்றே உள்ள பணம் அது. குடிநீரும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும்தான் அதில் முதல் பங்கு கேட்க வேண்டியவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் தொழில் பயிற்சிக்கும் அதில் இடம் உண்டு. லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்வது சிமெண்ட் ஆலைகளுக்கும் சேர்த்துத்தான். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரி பாகத்துக்கும் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததும் கைகொடுக்கும்.

நிலம் என்றால் பயம்

இவ்வளவுக்கும் ஒரு பெரிய தடை இருக்கிறது. அது பணம் இல்லை, நம்பிக்கை. ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரி அனல் மின் திட்டத்துக்கென்று 1990-களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எடுத்தார்கள். மின்சாரம் வரவில்லை. நிலம் கொடுத்தவர்கள் கோர்ட்டுக்கு அலைந்தார்கள், ஒரு தலைமுறையே கடந்தது. கடைசியில் அரசு திட்டத்தைக் கைவிட்டு நிலத்தைத் திருப்பிக் கொடுக்கும் முடிவுக்கு வந்தது. பெரம்பலூரிலும் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று 2000-களின் பிற்பகுதியில் வாங்கிய நிலம் பல வருஷம் முள்ளு முளைத்துக் கிடந்தது. இந்த ஊர்களில் 'புதுத் திட்டம்' என்று ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினால் ஜனங்கள் முதலில் பட்டாவைப் பத்திரப்படுத்துவார்கள். அது தப்பும் இல்லை.

அதனால் ஒரு சென்ட் பட்டா நிலம்கூட எடுக்காத திட்டமாக இது இருந்தாக வேண்டும். கல் எடுத்து முடித்த மேடு, ஏற்கெனவே இருக்கும் வண்டிப் பாதை, மூடிக்கிடக்கும் ஒரு கிடங்கு, இவை போதும். பச்சைமலைக் காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியும் மலைவாழ் மக்களின் சம்மதமும் இல்லாமல் ஒரு மீட்டர் பாதையும் போடக் கூடாது. மையத்தின் சொந்தக்காரர் வெளியூர்க் கம்பெனியாக இல்லாமல், வேல்ஸ் ஊரைப்போல் கூட்டுறவாகவோ மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்பாகவோ இருக்க வேண்டும். இல்லையென்றால் சுண்ணாம்புக் கல்லைப் போலவே இந்த லாபமும் லாரி ஏறிப் போய்விடும், ஊருக்குப் புழுதிதான் மிஞ்சும்.

டெர்பிக்கு மழையும் குளிர்ந்த காடும் இருந்தன. பெரம்பலூருக்கு அது இல்லை, வெயில்தான் இருக்கிறது. ஆனால் டெர்பிக்கு இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. தினமும் காலையில் வேலைக்கும் பள்ளிக்கும் சைக்கிள் மிதிக்கிற ஜனங்கள். அவர்களுக்குப் பயன்படாத எந்த மையமும் நாலு மாதக் கூத்தோடு முடிந்துவிடும். குன்னத்துப் பெண் ஒருத்தி அந்தப் பட்டறையில் ஸ்பேனர் பிடித்து, மாதச் சம்பளம் வாங்கி, திருப்பூர் பஸ் ஏறாமல் ஊரில் இருந்தால் திட்டம் ஜெயித்தது என்று வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டு வீரர் வந்து மெடல் வாங்கிப்போவதெல்லாம் அதற்குப் பிறகு!